கம்பவுண்டர் சொன்ன சாட்சி

தென்காசியில் நான் கம்பவுண்டராக இருந்த காலத்தில் எங்கள் சபையில் மருந்து சாப்பிடுவது பாவம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அன்றைக்கும் சிரித்தார்கள். காலை ஒன்பது மணி முதல் ஒரு டாக்டரின் கிளினிக்கில் சிவப்பு மிக்சரும் வெள்ளை மிக்சரும் கலக்கி, சீசாவின் வயிற்றில் வேளை அளவுக்குக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுக்கிறவன், ஞாயிற்றுக்கிழமையானால் மருந்தைத் தொடாதவர்களோடு உட்கார்ந்து கைதட்டிப் பாடுவான். கிளினிக்குக்கு எதிரே வெற்றிலைபாக்குக் கடை வைத்திருந்தவர், சாராயக்கடைக்காரன் சாராயம் குடிக்கிறது இல்லை, அது மாதிரியாக்கும் என்று என் காதில் விழும்படி சொல்வார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டு மாதம் அவர் கடையில் வெற்றிலை வாங்காமல் இருந்து பார்த்தேன். அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

சபை என்றால் ஊர்க் கிறிஸ்தவர்கள் எல்லோரும் போகிற பெரிய கோயில் இல்லை. அங்கிருந்து பிரிந்து வந்த நாற்பது, ஐம்பது பேர், ஒரு பழைய நெல் குடோனை வெள்ளையடித்து ஜெபவீடு ஆக்கியிருந்தார்கள். நான் அங்கே போய்ச் சேர்ந்தது கல்யாணத்தால். என் மனைவியின் வீட்டார் ஆரம்பத்திலிருந்தே அந்தச் சபை. சபையை நடத்தியவரை எல்லோரும் மூத்த ஐயா என்பார்கள். என் வேலையைப் பற்றி யாரோ கேட்டதற்கு அவர், யோசேப்பு எகிப்திலே அந்நிய ராஜாவிடம் உத்தியோகம் பார்க்கவில்லையா, இவரும் அப்படித்தான் என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அந்த ஒப்பிடல் பிடித்திருந்தது. யோசேப்பு என்றால் லேசா.

அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் நாலு பேர் முறை வைத்து வருவார்கள். ஒருவர் முழங்காலில் நிற்பார், ஒருவர் கஞ்சி வைப்பார், ஒருவர் துணி துவைத்துப் போடுவார். தங்கள் பிள்ளைக்கு வந்ததுபோல உபவாசம் இருப்பார்கள். அந்த அன்பில் கலப்படம் இல்லை. கலப்படம் செய்தது நான்.

என் மனைவி ஜெபம் செய்வதைப் பார்த்தால் அடுத்த அறையில் இருக்கிற ஒருவரிடம் பேசுவதுபோல இருக்கும். அரிசி களைந்துகொண்டே சொல்வாள், பாதியில் பால்காரருக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் விட்ட இடத்தில் தொடங்குவாள். நான் அப்படி இல்லை. கண்ணை மூடினால் எனக்குக் கிளினிக்கில் சோடா உப்பு தீரப்போகிறதே, திருநெல்வேலிக்கு எழுதிப் போட வேண்டுமே என்றுதான் ஓடும். ஆமென் சொல்ல வேண்டிய இடம் மட்டும் தவறாது.

எங்கள் மகளுக்கு ஏழு வயது நடக்கும்போது காய்ச்சல் வந்தது. ஐம்பதுகளின் கடைசி அது. முதல் நாள் நூறு, மறுநாள் நூற்றொன்று, அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் என்று படி ஏறுவதுபோல ஏறியது. நாக்கு வெளுத்து, வயிறு உப்பி, பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். நாலாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, டைபாய்டு. ஊரில் இருபத்தொரு நாள் காய்ச்சல் என்பார்கள். அந்த இருபத்தொரு நாளைத் தாண்டாத பிள்ளைகள் எத்தனை என்று கம்பவுண்டருக்குத் தெரியாதா?

ஆறாம் நாள் மனைவியிடம் மருந்து கொடுத்துப் பார்ப்போமா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, தந்தவரிடம் கேட்டிருக்கிறோம், பதில் வருவதற்குள் வேறு வாசலைத் தட்டினால் நம்பினது ஆகுமா என்றாள்.  சண்டை போட்டிருக்கலாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடியிருக்கலாம். ஊரறிய ஒரு காரியத்தைச் செய்யும் துணிச்சல் எனக்கு எப்போதும் கிடையாது.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டைபாய்டுக்கென்று சில வருஷங்களாகத்தான் கேப்சூல் வந்துகொண்டிருந்தது. அவர் எடுத்துக் கொடுத்து, கேப்சூலைப் பிரித்துத் தேனில் குழைத்துக் கொடு, கசப்பு தெரியும், சமாளித்துக்கொள் என்றார். குற்றாலத்து மலைத்தேன் ஒரு சீசா வாங்கினேன். கிளினிக்கின் பின்னறையில் கேப்சூலைத் திறந்து பொடியைத் தேனில் போட்டுக் குழைத்து, ஒரு நாளைக்கு வேண்டியதைச் சின்னச் சீசாவில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பலத்துக்குத் தேன் கொடுக்கலாம், தேன் மருந்து இல்லையே என்று மனைவியிடம் சொன்னேன். தேன் ஆகாரம்தான் என்று அவளும் சம்மதித்தாள்.

பிள்ளை முதல் வாயைத் துப்பிவிட்டாள். மலைத்தேன் அப்படித்தான் கசக்கும் என்று நான் சொன்னேன். பகலில் நான் கிளினிக்கில் இருப்பேன். நாலு வேளையும் என் மனைவிதான் கொடுத்தாள். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஊட்டுவாள். அவள் எதை வேண்டாம் என்றாளோ அதையே அவள் கையால் கொடுக்க வைத்தேன்.

அந்த நாட்களில் நானும் ஜெபித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னறையில் கேப்சூலைத் திறக்கும்போதெல்லாம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். ஆண்டவரே, என்னைக் காட்டிக்கொடுத்துவிடாதேயும் என்று சொல்வேன். பிள்ளையைப் பிழைக்க வையும் என்று கேட்டதாக ஞாபகமே இல்லை. அதைத்தான் கேப்சூலிடம் ஒப்படைத்துவிட்டேனே. கடவுளிடம் நான் கேட்டதெல்லாம் மனைவிக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

தேன் கொடுக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பிள்ளை எழுந்து உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டாள். என் மனைவி அடுப்பங்கரையில் தரையில் முகம் வைத்து அழுதாள். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பிழைக்க வைத்தது யார் என்று எனக்கு மட்டும்தானே தெரியும்.

பிள்ளை நடமாடத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். எங்கள் சபையில் அது வழக்கம். நடந்ததைச் சபை முன் சொல்லிக் கடவுளுக்கு நன்றி செலுத்துவது. அவளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை, அழுகை முந்திக்கொண்டது. மூத்த ஐயா என் பக்கம் திரும்பினார்.

"மருந்து கலக்குற கையே சொல்லட்டும். பிள்ளைக்கு மருந்து குடுத்தியளா?"

எழுந்து நின்றேன். சபை முழுக்க என்னைப் பார்த்தது. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சொட்டு மருந்து கொடுக்கவில்லை ஐயா என்றேன். குடோன் அதிர ஆமென் என்றார்கள்.

அதோடு நின்றிருந்தால் பயத்தில் சொன்ன பொய் என்று தள்ளிவிடலாம். நிற்கவில்லை. கம்பவுண்டர் பிள்ளையே மருந்தில்லாமல் பிழைத்துவிட்டது என்ற பேச்சு செங்கோட்டை வரை போனது. மற்றவர்களின் சாட்சியைவிட என் சாட்சிக்கு எடை கூட. அடுத்த சாரல் சீசனில் குற்றாலத்தில் ஒரு பங்களாவை எடுத்து மூன்று நாள் கூட்டம் நடத்தினார்கள். அதில் என்னைப் பேசச் சொன்னார்கள்.

பங்களா முற்றத்தில் கீற்றுப் பந்தல். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் சாரல் தூவிக்கொண்டிருந்தது. வேறு சபையார், பெரிய கோயில்காரர்கள், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு எட்டிப் பார்க்க வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். தொடங்கும்போது வார்த்தை தடுமாறியது. இரண்டு நிமிஷத்தில் தடுமாற்றம் போய்விட்டது. அதற்குப் பிறகு எனக்கு நாக்கில் சரஸ்வதி என்று சொல்ல வேண்டும், கிறிஸ்தவன் சொல்லக்கூடாது. மருந்து அலமாரியின் சாவி என் இடுப்பில் இருந்தது, கையை நீட்டினால் மருந்து, ஆனாலும் நீட்டவில்லை என்று சொன்னேன். நீட்டு நீட்டு என்று பிசாசு காதில் சொன்னதாகவும் சொன்னேன். பெண்கள் விம்மினார்கள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி வேண்டாமா என்பார்கள். அங்கே கேட்டவர்கள் மேல் தப்பில்லை. வடித்தவன் கம்பவுண்டர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பந்தலின் கடைசியில் தெரிந்த ஒருவரைப் பார்த்தேன். எங்கள் கிளினிக் நோயாளி, பஸ் கண்டக்டர், முப்பத்தைந்து வயது இருக்கும். அவருக்கு டி.பி. அது ஊரில் மூன்றே பேருக்குத் தெரியும், டாக்டருக்கு, அவர் மனைவிக்கு, எனக்கு. பஸ் முதலாளியிடம் ஆஸ்துமா என்று சொல்லி லீவில் இருந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொள்வார். போடுகிறவன் நான். முப்பது ஊசிக்கு மேல் போட்டாகிவிட்டது. இருமல் குறைந்து, முகத்தில் சதை பிடித்திருந்தது. மலைக்காற்று நல்லது என்று குற்றாலத்துக்கு வந்தவர்கள், பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்து நின்றிருந்தார்கள். அவர் மனைவி துண்டால் அவர் தலையைச் சாரலுக்கு மூடிப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்த்தேன், ஆனால் நிறுத்தவில்லை. குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் ஊசிக்கு வரவில்லை. புதன்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் அவருடைய சீட்டை எடுத்துப் பார்த்து, ஆள் எங்கே என்று கேட்டார். ஊருக்குப் போயிருப்பார் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் எங்கள் ஜெபவீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து எழுந்து கும்பிட்டார்.

மூன்று வாரம் போயிற்று. அந்த மருந்தை நடுவில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். ஜெபவீட்டில் அவர் இருமும்போதெல்லாம் எத்தனை ஊசி தவறியது என்று எண்ணுவேன். ஒருநாள் காசி விசுவநாதர் கோயில் வாசல் பக்கம் அவர் மனைவியைக் கண்டேன். அந்த இடத்தில் எப்போதும் காற்று ஆளைத் தள்ளும். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கீரை வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், ஊசியை விடக்கூடாது, நாளைக்கே கூட்டிக்கொண்டு வா என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"என்னைச் சோதிக்கியளோ, கம்பவுண்டரய்யா? தெரிஞ்சவுக வாயாலயே சோதனை வரும்னு மூத்த ஐயா சொல்லியிருக்காக. நீங்க நின்னு காட்டுனிய. நாங்களும் நிப்போம்."

அப்போது சொல்ல எனக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வேண்டியிருந்தது. என் பிள்ளைக்கு மருந்து கொடுத்தேன் அம்மா. அவ்வளவுதான். சுற்றிலும் கீரைக்காரி, பூக்காரி, போகிற வருகிற சனம். இவள் போய் என் மனைவியிடம் சொன்னால்? நானும் சிரித்தேன். அவள் விசுவாசத்தைச் சோதித்துப் பார்த்துத் திருப்தியானவன்போலத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கு ஜெபிக்க வரும்படி என்னையே கூப்பிட்டு அனுப்பினார்கள். போகாமல் இருக்க முடியவில்லை. ஒற்றை அறை வீடு. பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து எலும்புக்கு மேலே உழக்கரிசி கொட்டலாம்போலக் குழி விழுந்திருந்தது. தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார்கள். வைத்தேன். நூற்றிரண்டு டிகிரி. தெர்மாமீட்டர் இல்லாமல் கை சொல்லிவிட்டது.

ஊசி கிளினிக்கில் இருந்தது, கூப்பிடு தூரம். நான் ஜெபம் செய்தேன். நல்ல ஜெபம், குற்றாலத்தில் பேசியதிலிருந்து எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. நான் முடித்ததும் அவர் மனைவி தொடங்கினாள்.

"கம்பவுண்டரய்யா பிள்ளையச் சொகமாக்குனீரே ஆண்டவரே, அது மாதிரியே இவுகளையும் சொகமாக்கும்."

வேறு எதுவும் கேட்கவில்லை. அதையே மூன்று தடவை சொன்னாள். தினமும் இரண்டு வேளையும் இதைத்தான் சொல்கிறாள் என்று அவர் எனக்குச் சொன்னார். ஆமென் என்று அவர் சொன்னபோது தலை என் கைக்குள் அசைந்தது. நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் இறங்கியது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். சபைப் பெண் ஒருத்தி ஓடி வந்து, கண்டக்டர் ரத்த வாந்தி எடுக்கிறார், எல்லோரும் ஜெபத்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். என் மனைவி எனக்குப் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டுச் சேலையைச் சரிசெய்து கிளம்பினாள். எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. எச்சில் கையோடு உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். கேப்சூல், தேன், சபையில் சொன்னது, குற்றாலத்தில் சொன்னது, கோயில் வாசலில் சிரித்தது.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். தலையில் அடித்துக்கொண்டு அழுவாள், இல்லையென்றால் மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். இத்தனை நாளும் அதற்குத்தானே பயந்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அவுககிட்டச் சொல்லியாச்சா?"

இல்லை என்றேன்.

"பொறவு இங்கன உக்காந்து என்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதிய? எந்திரிங்க. டாக்டரக் கூட்டிக்கிட்டு வாங்க."

அதற்குள் தெருவில் இறங்கிவிட்டாள். உச்சி வெயில், காலில் செருப்பு இல்லை. நான் கிளினிக்குக்கு ஓடி, சாப்பிட உட்கார்ந்த டாக்டரை எழுப்பி, பையை எடுத்துக்கொண்டு வருவதற்குக் கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் போய்ச் சேரும்போது என் மனைவி எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். என் பாவத்தைக்கூட நான் அறிக்கையிடவில்லை, அவள்தான் செய்தாள். கண்டக்டர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். பக்கத்தில் சாம்பல் போட்ட சட்டி. அவர் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவள் என்னைத் தாண்டி டாக்டரிடம் பேசினாள். ஊசியை இன்றைக்கே போடலாமா என்று கேட்டாள்.

முதலில் ரத்தம் நிற்க மருந்து கொடுத்தார் டாக்டர். அவள் அடுப்பில் ஊசியைக் கொதிக்க வைத்தேன். மருந்தை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போனபோது அவள் கையை உயர்த்திக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அவளும் என் மனைவியும் பாய்க்கு இரண்டு பக்கமும் முழங்காலிட்டார்கள். அவள் அதே ஜெபத்தைச் சொன்னாள். கம்பவுண்டரய்யா பிள்ளையைச் சுகமாக்கியதுபோல இவரையும் சுகமாக்கும். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஊசியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இத்தனை நாள் அவள் வாயில் நான் வைத்த பொய் அன்றைக்குத்தான் உண்மையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் எழுவதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள். தான் சொன்ன சாட்சி பொய், பொய் என்று தெரியாமல் சொன்னது, ஆனாலும் தன் வாயால் சொன்னதால் தானே திருப்பி எடுப்பதாகச் சொன்னாள். பிறகு நானும் எழுந்து மீதியைச் சொன்னேன். யாரும் சத்தம் போடவில்லை.  பிள்ளை பிழைத்ததில் மூத்த ஐயாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவரையும் பொய்யைப் பிரசங்கிக்க வைத்துவிட்டேனே என்றார்.  சபை எங்களைக் கொஞ்ச காலம் விலகியிருக்கச் சொன்னது. விலகினோம். பிறகு பெரிய கோயிலுக்கே போய்விட்டோம்.

வீட்டில் என் மனைவி அதைப் பற்றி ஒரு மாதம் பேசவில்லை. ஜெபம் மட்டும் நிற்கவில்லை, அரிசி களையும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் பழையபடி நடந்தது. ஒரு சாயங்காலம் பூ கட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, மருந்து என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தீர்கள் என்று கேட்டாள். நீ கொடுக்க விட்டிருக்கமாட்டாய் என்றேன்.

"விட்டிருப்பேனோ என்னமோ, எனக்கே தெரியல. அதத் தெரிஞ்சுக்கிட எனக்கு வழி இல்லாமப் பண்ணிட்டிய. நீங்க ஆண்டவரையும் நம்பல, என்னையும் நம்பல."

 அவள் பூவைக் கட்டி முடித்து மகளுக்கு வைத்துவிடப் போனாள்.

கண்டக்டரை டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்துத் தூரத்து டி.பி. சானடோரியம் ஒன்றுக்கு அனுப்பினார். நடுவில் விட்டதால் பழைய மருந்து முன்போலக் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அங்கே கிடந்தார். விலா எலும்பில் சிலதை எடுத்து ஒரு பக்க நுரையீரலை அமுக்கி வைத்தார்கள். என் மனைவி மாதம் ஒருமுறை அவர் மனைவியோடு ரயில் ஏறிப் போய்ப் பார்த்து வருவாள். என்னை வா என்று அவள் கூப்பிட்டதில்லை, நானும் வருகிறேன் என்று சொன்னதில்லை.

பிழைத்து வந்தார். இடது தோள் இறங்கி, ஆள் பாதியாகியிருந்தார். ஓடுகிற பஸ்ஸில் நின்று வேலை பார்க்க மூச்சு இல்லை. முதலாளி இரக்கப்பட்டு பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உட்கார வைத்தார். மாதம் பிறந்தால் மாத்திரைக்கு எங்கள் கிளினிக்குக்குத்தான் வர வேண்டும். முதல் தடவை வந்த அன்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். ஒரு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"கோவம் இல்லன்னு சொன்னா பொய்யி, கம்பவுண்டரய்யா. இருக்கு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடக்கும்போதுலேருந்து தினமும் ஆண்டவர்கிட்டச் சொல்லுதேன், இத எடுத்துப்போடும்னு. இன்னும் போகல. போனதும் நானே வந்து சொல்லுதேன்."

வையவில்லை, குத்திக்காட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். நான் முழங்காலில் நின்ற நேரமெல்லாம் ஒரு தடவையாவது என் மனசில் உள்ளதை உள்ளபடி கடவுளிடம் சொன்னதுண்டா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அதன் பிறகு ஜெபிக்கத் தொடங்கினேன். பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இன்ன பொய் சொன்னேன், இன்னாருக்கு இப்படி ஆயிற்று, அவருக்கு மூச்சு கொடும், இவ்வளவுதான். சில நாள் அதுவும் வராது. வராததை வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன்.

அறுபதுகள் முழுக்க அவர் மாதா மாதம் வந்தார். மாத்திரைகளை நிறுத்திய பிறகும் இருமலுக்கு, பசியில்லாததற்கு என்று வருவார். என் மகள் எந்த வகுப்பு என்று கேட்பார். அவள் பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டாள் என்றபோது நிஜமாகவே சந்தோஷப்பட்டார். பஸ் ஸ்டாண்டு சமாச்சாரம், ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, எல்லாம் பேசுவார். நான் மருந்தைக் கலக்கிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கும் நான் எதற்குப் பார்க்கிறேன் என்று தெரியும். அந்தப் பேச்சு மட்டும் வராது.

ஒருநாள், சாரல் காலம், மருந்தை வாங்கிக்கொண்டு தெரு வரைக்கும் போனவர் நின்று யோசித்தார். திரும்பி மெதுவாக ஜன்னலை நோக்கி வந்தார். நான் கையில் இருந்த சீசாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். குடையை மறந்து வைத்துவிட்டேன், அதை எடுங்கள் என்றார். எடுத்துக் கொடுத்தேன்.